கோதுமைக் கணக்கில் கப்பலேறிய தாத்தா புத்தகம்

பதிவு எழுதி ரொம்ப நாளாச்சு. மார்ச் முடிந்து, ஆடிட் முடிந்து, இப்போதுதான் மூச்சு விட நேரம் கிடைத்தது. கொஞ்சம் நீளமாகப் போகும். டீயோ காபியோ கையில் வைத்துக்கொண்டு படிக்கவும்.

முதலில், படிப்பவர்களில் பாங்கில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு கேள்வி. இதுவரை நீங்கள் பாஸ் செய்ததில் பெரிய செக் எவ்வளவு? என் கணக்கில் சில கோடிகள் வரும். அதற்கே அன்று கை லேசாக நடுங்கியது. 1974 பிப்ரவரி 18ஆம் தேதி டெல்லியில் ஒரு செக் கைமாறியது. தொகை 16,640,000,000 ரூபாய். அதாவது 1664 கோடி. கொடுத்தவர் அமெரிக்கத் தூதர் டேனியல் பாட்ரிக் மாய்னிஹன். வாங்கியது இந்திய அரசு. ஒரே காசோலையில் தரப்பட்ட மிகப் பெரிய தொகை என்று கின்னஸ் புத்தகத்திலும் ஏறியது.

அமெரிக்காக்காரன் நமக்கு எதற்கு ரூபாயில் செக் கொடுத்தான்? அவனிடம் அவ்வளவு ரூபாய் எப்படி வந்தது? இதை நோண்டப் போய்த்தான் என் அம்மாவைப் பெற்ற தாத்தாவின் புத்தகம் வரைக்கும் வந்து நின்றேன்.

1954ல் அமெரிக்காவில் ஒரு சட்டம் வந்தது. பப்ளிக் லா 480, சுருக்கமாக பி.எல். 480. அங்கே விளைந்து குவிந்து கிடந்த தானியத்தை டாலர் இல்லாத நாடுகளுக்கு, அந்தந்த நாட்டுப் பணத்திலேயே விற்கலாம் என்பது சட்டத்தின் சாரம். நம்மிடம் டாலர் கிடையாது, பசி உண்டு. 1956ல் முதல் ஒப்பந்தம். 1960 மே 4ஆம் தேதி உணவு அமைச்சர் எஸ்.கே. பாட்டீல் வாஷிங்டனில் ஐசனோவரோடு உட்கார்ந்து கையெழுத்துப் போட்டது பெரிய ஒப்பந்தம்: நாலு வருஷத்தில் 1 கோடியே 60 லட்சம் டன் கோதுமை, 10 லட்சம் டன் அரிசி. 1965லும் 66லும் மழை பொய்த்தபோது நிலைமை இன்னும் மோசம். 1966ல் மட்டும் சுமார் ஒரு கோடி டன் தானியம் வெளியிலிருந்து வந்தது, பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து. அதிபர் ஜான்சன் கப்பல்களை மொத்தமாக அனுப்பாமல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, நம்மை ஒவ்வொரு மாதமும் வாசலில் நிற்க வைத்த கதை தனி. அதை எழுதினால் எனக்கு பி.பி. ஏறும்.

பாங்க்காரன் கண்ணுக்கு இதில் சுவாரசியமான இடம் வேறு. தானியத்துக்கு நாம் கொடுத்த ரூபாய் எங்கே போனது? எங்கேயும் போகவில்லை! அமெரிக்க அரசின் பெயரில் இங்கேயே ஒரு கணக்கில் வரவு வைக்கப்பட்டது. முதலில் ஸ்டேட் பாங்கில் இருந்தது, 1960 வாக்கில் ரிசர்வ் பாங்குக்கு மாற்றினார்கள். டாலராக மாற்றி எடுத்துப் போக முடியாது, நம் நாட்டுக்குள்ளேயேதான் செலவழிக்க வேண்டும். நம் என்.ஆர்.ஓ. கணக்குக்குக் கிட்டத்தட்ட பெரியப்பா முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பெரும்பகுதியை நம் அரசுக்கே கடனாகவும் மானியமாகவும் கொடுத்தார்கள். கொஞ்சம் தனியார் கம்பெனிகளுக்குக் கடனாகப் போனது. அந்தக் கடனுக்குப் பெயர் 'கூலி லோன்'. சிரிக்காதீர்கள், கூலி என்ற காங்கிரஸ் உறுப்பினரின் பெயர் அது. அப்படியும் தீராமல் வட்டியும் அசலுமாகக் குட்டி போட்டுக்கொண்டே போனதால்தான், 1974ல் மூன்றில் இரண்டு பங்கை அந்த செக்கில் திருப்பிக் கொடுத்துவிட்டு, மீதியைத் தங்கள் இங்குள்ள செலவுக்கு வைத்துக்கொண்டார்கள்.

இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பா போன பிறகு அம்மா எங்களோடு டெல்லியில்தான் இருக்கிறார். "அமெரிக்கக் கோதுமையா? எங்க பள்ளிக்கூடத்துல உப்புமா கிண்டுவாங்களே! பால் பவுடர் கரைச்சுக் குடுப்பாங்க. அந்த வாடை இருக்கே..." என்று முகத்தைச் சுளித்தார். அம்மா சொன்ன உப்புமா 'கேர்' அமைப்பு மதிய உணவுக்குத் தந்த இலவச சரக்கு. அதே பி.எல். 480தான், ஆனால் வேறு பிரிவு. அது தானம், நான் சொல்வது விற்பனை. இரண்டுக்கும் லெட்ஜர் வேறு. (தங்கமணி: "உப்புமாவுக்குமா லெட்ஜர்?")

சரி, மேட்டருக்கு வருகிறேன். செலவழிக்க முடியாமல் கிடந்த அந்த ரூபாயில் புத்தகம் வாங்கலாமே என்று ஒருவருக்குத் தோன்றியது. ஜான் டிங்கெல் என்ற காங்கிரஸ் உறுப்பினர் கொண்டுவந்த திருத்தம் 1958ல் நிறைவேறியது. 1962ல் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் டெல்லியில் அலுவலகம் திறந்தது. வேலை ரொம்ப எளிமையானது. இந்தியாவில் எந்த மொழியில் எந்தப் புத்தகம் புதிதாக வந்தாலும் வாங்கு. ஒன்றல்ல, திட்டத்தில் சேர்ந்திருக்கும் ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் ஒன்று. சிகாகோ, பென்சில்வேனியா, பெர்க்லி, விஸ்கான்சின், டெக்சாஸ் என்று பட்டியல் நீளும். எல்லாப் பல்கலைக்கழகமும் எல்லா மொழியும் எடுத்துக்கொள்ளவில்லை, ஆனால் தமிழ் எடுத்துக்கொண்டவை உண்டு. மாதாமாதம் என்னென்ன வாங்கினோம் என்று பட்டியலும் அச்சடித்தார்கள். கவிதை, நாவல், ஜோசியம், கோவில் தலபுராணம், கட்சி மாநாட்டு மலர், கூட்டுறவுச் சங்க அறிக்கை... இது உயர்ந்தது அது மட்டம் என்று தரம் பிரித்துக்கொண்டிருக்கவில்லை. ரூபாய்க்குத் தட்டுப்பாடு இல்லையே!

அந்த அலுவலகம் கஸ்தூர்பா காந்தி மார்க், 24ஆம் எண், அமெரிக்கன் சென்டர் கட்டடத்தில் இருக்கிறது. நான் கன்னாட் பிளேஸ் பக்கம் ஒரு கிளையில் இருந்த நாலு வருஷம், அந்த வாசல் வழியாகத்தான் தினமும் சாப்பிடப் போவேன். விசா சம்பந்தப்பட்ட ஏதோ ஆபீஸ் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் செய்தது தர்ம காரியம் என்று நான் சொல்ல வரவில்லை. பனிப்போர் காலம். உலகத்தில் எந்த மூலையில் யார் என்ன யோசிக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டிய தேவை அவர்களுக்கு இருந்தது. 1958ல் வந்த அவர்களுடைய பாதுகாப்புக் கல்விச் சட்டத்தின் பணத்தில்தான் அங்கே தெற்காசிய மொழித் துறைகள் பல வளர்ந்தன. ஆனால் நோக்கம் எதுவாக இருந்தாலும் அலமாரியில் உட்கார்ந்த புத்தகம் உட்கார்ந்ததுதான்.

அலமாரியில் உட்கார்ந்த புத்தகம் என்ன செய்யும் என்பதற்கு ஒரு உதாரணம். ஏ.கே. ராமானுஜன். மைசூரில் பிறந்து வளர்ந்த தமிழ் ஐயங்கார். நம்மைப் போல ஊர் விட்டு ஊர் போனவர்தான், நம்மைவிடக் கொஞ்சம் தூரமாக. 1962ல் ஒரு சனிக்கிழமை, சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஹார்ப்பர் நூலக அடித்தளத்துக்குப் போகிறார். தேடிப் போனது பழந்தமிழுக்கு ஒரு எளிய இலக்கணப் புத்தகம். கையில் அகப்பட்டது உ.வே.சா. 1937ல் பதிப்பித்த குறுந்தொகை. அங்கிருந்து ஐந்து வருஷத்தில், 1967ல், அவருடைய ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்து சங்கக் கவிதை உலகம் முழுக்கப் போனது. மைசூரில் கிடைக்காத குறுந்தொகையா என்று கேட்டால், கிடைத்திருக்கும். ஆனால் அவர் எடுத்தது அங்கேதான். (கணக்கு சரியாக இருக்க வேண்டும் என்பதால் சொல்கிறேன்: அது கோதுமை வாங்கிய புத்தகம் அல்ல. கோதுமைத் திட்டம் அப்போதுதான் ஆரம்பம், அதுவும் புதிதாக வெளியாகும் புத்தகங்களுக்குத்தான்.)

இந்த இடத்தில் "நம்ம சர்க்கார் என்ன பண்ணிக்கிட்டிருந்தது?" என்று யாராவது கேட்பீர்கள். சர்க்கார் சட்டம் போட்டது! அதுவும் அமெரிக்கா சட்டம் போட்ட அதே 1954ல். நூல் வழங்கல் சட்டம் என்று பெயர். இந்தியாவில் யார் புத்தகம் வெளியிட்டாலும் 30 நாளைக்குள், தன் சொந்தச் செலவில், கல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா போன்ற நூலகங்களுக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் அபராதம் 50 ரூபாய் வரைக்கும், கூடவே புத்தகத்தின் விலை. சென்னையில் பெரிய பதிப்பகங்கள் அனுப்பியிருப்பார்கள். திருநெல்வேலியில் ஏதோ ஒரு சந்தில், காலில் மிதித்து ஓட்டும் மிஷினில் 500 பிரதி அடித்த ஆளுக்கு இப்படி ஒரு சட்டம் இருப்பதே தெரியாது. தெரிந்தாலும் தபால் செலவு யார் தருவது? நாம் கேட்டு வாங்கப் பார்த்தோம், அவர்கள் காசு கொடுத்து வாங்கினார்கள். டெபாசிட் கான்வாஸ் செய்யப் போன எந்த ஆபீசருக்கும் இந்த வித்தியாசம் புரியும்.

கோதுமைத் திட்டத்துக்கும் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. 1962க்கு முன்னால் வந்த தமிழ்ப் புத்தகங்களை அது தொடவே இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு அச்சுப் புத்தகங்கள், குஜிலிப் பாட்டுகள், நாடக நோட்டீஸ், சினிமாப் பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை, வந்த வேகத்தில் நின்றுபோன சின்னப் பத்திரிகைகள்... இதையெல்லாம் யார் சேர்த்தது?

ஒரே ஒரு ஆள். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார். சென்னையில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்தவர். பழைய புத்தகக் கடையில் ஆரம்பித்த பழக்கம் விடாமல் பிடித்துக்கொண்டது. ஊருக்குத் திரும்பி, காரைக்குடிக்குப் பக்கத்துக் கோட்டையூர் வீட்டில் சேர்த்து வைத்தது சுமார் ஒரு லட்சம் உருப்படி. புத்தகம் மட்டுமல்ல, அச்சடித்த எந்தத் துண்டுக் காகிதமும் அவருக்குப் பொக்கிஷம். பூச்சி அரிக்காமல் இருக்க அவரே மருந்து போட்டார், தன் கையாலேயே குறிப்பெழுதி அட்டவணை போட்டார். எங்கெங்கிருந்தோ ஆராய்ச்சிக்காரர்கள் எழுதிக் கேட்டால் தேடிக் கொடுத்தார். சம்பளம் கொடுக்க நிறுவனம் இல்லை, பின்னால் நிற்க ஆளும் இல்லை. பாங்க் பாஷையில் சொன்னால் அன்செக்யூர்ட். 1992ல் காலமானார்.

அதற்கப்புறம் என்ன ஆகும் என்று நமக்கெல்லாம் தெரியும். இப்படிச் சேர்த்தவர் கண்ணை மூடினால், வீட்டுக்காரர்கள் பாவம் என்ன செய்வார்கள்? பங்கு போடுவார்கள், அல்லது தராசு வரும். ஆனால் அங்கே தராசு வரவில்லை. ராமானுஜன், எழுத்தாளர் அம்பை போன்றவர்கள் இந்தச் சேகரிப்பின் மதிப்பை எடுத்துச் சொன்னார்கள். சிகாகோ பல்கலைக்கழக நூலகத்தில் தெற்காசியப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்த ஜேம்ஸ் நை முயற்சி எடுத்தார். பல்கலைக்கழகம் முழுச் சேகரிப்பையும் விலைக்கு வாங்கியது. 1993 ஜூலையில் ராமானுஜன் காலமானார், நூலகமாகப் பார்க்க அவர் இல்லை.

எனக்குப் பிடித்த இடம் இதற்கு அடுத்தது. காசு கொடுத்து வாங்கியவன் சரக்கை எடுத்துக்கொண்டு போகவில்லை. 1994ல் சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் என்று வைத்து, பக்கம் பக்கமாக மைக்ரோஃபிலிம் எடுத்து, படச்சுருள் பிரதிதான் சிகாகோவுக்குப் போனது. காகிதம் இங்கேயே. முதலில் முகப்பேரில் இருந்தது, பிறகு தரமணிக்கு வந்தது, இப்போது உள்ளூர் அறக்கட்டளையின் பொறுப்பில் நடக்கிறது. 2007ல் ஐராவதம் மகாதேவன் முன்னின்று சிந்துவெளி ஆய்வு மையமும் அங்கேதான் தொடங்கினார். அறுபதுகளில் கப்பல் கப்பலாகப் புத்தகம் அள்ளிப் போன அதே பல்கலைக்கழகம், முப்பது வருஷம் கழித்து, வாங்கிய சேகரிப்பை இருந்த மண்ணிலேயே விட்டுவைத்தது. முதல் காரியத்துக்கு நான் கடன்பட்டவன், ஏன் என்று கீழே வரும். ஆனாலும் இரண்டாவதற்குத்தான் என் கும்பிடு.

இப்போது கொசுவத்தி சுத்த வேண்டிய இடம். தப்பை ஒப்புக்கொள்ள வேண்டிய இடமும்கூட.

என் தாத்தா அம்பாசமுத்திரம் பக்கத்தில் பள்ளிக்கூட வாத்தியார். 1963ல் பிள்ளைகள் நடிப்பதற்காக நாலு சின்ன நாடகம் எழுதி, பி.எஃப். லோன் போட்டு, திருநெல்வேலியில் ஒரு அச்சகத்தில் 500 பிரதி அடித்தார். விலை 75 நயா பைசா. வீட்டில் இந்த விஷயம் ஒரு ஜோக்காகத்தான் பேசப்பட்டு வந்தது. "உங்க தாத்தா லோன் போட்டு புஸ்தகம் போட்டாரு, நாங்க லோன் முடியுற வரைக்கும் ரசம் சோறு தின்னோம்" என்பார் ஆச்சி. தாத்தா போகும்போது எனக்கு நாலு வயது. முகமே சரியாக ஞாபகம் இல்லை.

2006ல் அந்த வீட்டை விற்றோம். நான் அப்போது நாக்பூரில் புது ஆபீசர். லீவு ஒரு வாரம்தான். பத்திரப் பதிவு, பட்டா, புரோக்கர் என்று அலைந்து, கடைசி நாள் மச்சில் கிடந்ததை எல்லாம் காலி செய்ய வேண்டியிருந்தது. நாலு டிரங்குப் பெட்டி காகிதம். அம்மா ஊரில் இல்லை, அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தார். பழைய பேப்பர்காரர் தராசோடு வந்தார். நான்தான் நிறுத்துக் கொடுத்தேன். கிலோ என்ன விலை என்று பேரம்கூடப் பேசினேன். பெட்டியில் என்ன இருந்தது என்று ஒன்றைக்கூடப் பிரித்துப் பார்க்கவில்லை. பாங்க் பழக்கம். 1985ஆம் வருஷ விதிப்படி எங்களுக்குச் சில பதிவேடுகள் 5 வருஷம், மற்றது 8 வருஷம். அதற்கப்புறம் லிஸ்ட் போட்டு, கையெழுத்து வாங்கி, அழித்துவிடலாம். அந்த மச்சுக்கு நாற்பது வருஷம் ஆகியிருந்தது.

திரும்பி வந்த அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அதுல எங்கப்பா புஸ்தகம் இருந்துச்சாடா?" தெரியாது என்றேன். அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை, பதினேழு வருஷம்.

2023ல் என் பெண் காலேஜில் ஏதோ அசைன்மென்ட்டுக்காக உலக நூலகங்களின் பட்டியலில் தேடிக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து சும்மா தாத்தா பெயரைப் போடச் சொன்னேன். ஒன்றும் இல்லை. நாலு விதமாக ஸ்பெல்லிங் மாற்றிப் போட்டோம், இல்லை. பிறகுதான் அவள் கண்டுபிடித்தாள். அமெரிக்க நூலகங்கள் தமிழ்ப் பெயரை நாம் உச்சரிக்கிறபடி எழுதுவதில்லை, எழுத்துக்கு எழுத்து மாற்றுகிறார்கள். 'ப' எங்கே வந்தாலும் ஒரே எழுத்து. அதாவது பாரதியாருக்கே அங்கே பாம்பேயின் 'பி' கிடையாது, பாட்னாவின் 'பி'தான்! இது தெரியாமல் தேடினால் தமிழில் பாதிப் பேர் கிடைக்கவே மாட்டார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர் யாராவது எழுதியிருந்தால், இந்த வரியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பாட்னா 'பி' போட்டோம். வந்தது.

தாத்தா பெயர், இனிஷியலோடு. தலைப்பு, ஊர், 1963, 72 பக்கம். குறிப்பில் பி.எல். 480. நான் வாயைத் திறக்கவில்லை. என் பெண்தான் அறையை விட்டு ஓடிப்போய் "பாட்டி" என்று கத்தினாள்.

எந்தப் பல்கலைக்கழகம் என்பது வேண்டாம். அவர்கள் நூலகத்துக்கு ஒரு மெயில் போட்டேன். நான் எழுதியவரின் மகள் வயிற்றுப் பேரன், வீட்டில் ஒரு பிரதியும் இல்லை, ஸ்கேன் கிடைக்குமா என்று. கூடவே வாரிசுச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், அம்மாவின் ஆதார் எல்லாவற்றையும் பி.டி.எஃப்.பாகத் தயார் செய்து வைத்தேன். செத்துப்போனவர் கணக்கில் நாலாயிரம் ரூபாய் எடுக்க வருபவரை நாலு தடவை அலைய விடும் ஜாதி அல்லவா நாம்! அங்கிருந்து வந்த பதிலில் கேட்டது ஒரே ஒரு வரி: நீங்கள் குடும்பத்தினர்தான் என்று மெயிலிலேயே உறுதி சொல்லுங்கள், போதும். சொன்னேன். மூன்று வாரத்தில் 72 பக்கமும் கலரில் ஸ்கேன் ஆகி வந்தது. காசு வாங்கவில்லை.

அம்மா படிக்க வேண்டும் என்று டிவியில் போட்டுக் காட்டினேன். முதல் பக்கம், விலை, அச்சகத்தின் பெயர். முன்னுரையில் தன் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நன்றி சொல்லியிருந்தார். அம்மா ஒவ்வொரு பக்கமாக நிதானமாகப் படித்துக்கொண்டே வந்தார். நடுவில் சட்டென்று ஞாபகம் வந்தவர் போல, "மெட்ராஸ்ல ஒரு புஸ்தகக் கடையில இருந்து இருவது கேட்டு ஒரு தடவ லெட்டர் வந்துச்சு. எந்தப் பள்ளிக்கூடத்துல நாடகம் போடப் போறாங்களோன்னு எங்கப்பாவுக்குத் தலகால் புரியல. தெருவுல எல்லாருக்கும் காட்டுனாங்க" என்றார். அந்த இருபதுதான் கப்பலேறியது என்று நிச்சயமாகச் சொல்ல என்னிடம் வவுச்சர் இல்லை. ஆனால் ஒரே ஊர்க்கார வாத்தியாரின் நாடகத்தில் இருபது பிரதி வேறு யார் கேட்டிருக்கப் போகிறார்கள்? எந்தப் பள்ளிக்கூடம் என்று தெரியாமலேயே தாத்தா போய்ச் சேர்ந்துவிட்டார்.

31ஆம் பக்கம் வந்ததும் அம்மா "நிறுத்து" என்றார்.

காட்டுக்குள் போகும் பையன்கள் நாடகம். ஒருவன் "ஐயோ, புலி வருது" என்று கத்த வேண்டும். அச்சுக் கோத்தவர் 'புலி'க்குப் பதில் 'பலி' என்று கோத்துவிட்டாராம். 500 பிரதியும் அப்படியே அடித்து, கட்டுக் கட்டி வீட்டுக்கு வந்துவிட்டது. தாத்தா இரண்டு ராத்திரி உட்கார்ந்து, 500 பிரதியிலும் அந்த ஒரு 'ப'வுக்குப் பேனாவால் கீழே கோடு இழுத்து 'பு' ஆக்கினார். மூன்றாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு மை ஒற்றும் வேலை.

பெரிதாக்கிக் காட்டினேன். கறுப்பு அச்செழுத்துக்குக் கீழே வெளிறிப்போன நீலத்தில் ஒரு சின்னக் கோடு. அதன் வால் ஓரத்தில் லேசான தீற்றல்.

அம்மா எழுந்துபோய் டிவிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, விரலை அந்தத் தீற்றலில் வைத்தார்.

"ஏல, இது எங்கப்பா போட்ட கோடு. இந்தா இழுவியிருக்குல்லா... இது நான். தூங்கி விழுந்துட்டேன். தலையில ஒரு குட்டு வாங்குனேன்."